ஏழு பானைகளும் விளக்குப் பிடித்த கையும்

மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். மேசைமேல் பதினோரு பானைகள். அவற்றில் ஏழு உன் கை.

அன்புள்ள பசைக்கு,

நான் நலமாக இல்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்று உன் வேலையைப் பார்த்தால் தெரிகிறது. கடிதத்தை இப்படியா ஆரம்பிப்பது என்று முகம் சுளிக்காதே. சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. தெரிந்துதான் கட்டிக்கொண்டாய். எதையும் அளந்து எண்ணுகிறவன் என்று எனக்கு 'மீட்டர்' பேர் வைத்ததும் நீதான், உடைந்த பானைகளை ஒட்டுகிற உனக்கு நான் 'பசை' என்று வைத்ததுபோல.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் துறைமுகத்தில் கப்பலேற இருந்த ஒரு மரப்பெட்டியைச் சுங்கத்துறை நிறுத்தியது. வெளியே 'வீட்டு அலங்காரப் பொருள்கள்' என்று எழுதியிருந்தது. உள்ளே மரத்தூளுக்கு நடுவில் பழைய போர்வை சுற்றிய பானைகள். செத்தவர்களோடு புதைக்கிற பானைகள். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் இருக்கும். அனுப்பியவர் உன் முதலாளி. தன் மாமனார் வீட்டு அலமாரியில் அறுபது வருஷமாக இருந்த சொத்து என்று காகிதம் காட்டியிருக்கிறார். சுங்கத்துறைக்கு நம்பிக்கை இல்லை. போன மழைக்கு முன்னால் மண்ணுக்குள் இருந்ததோ என்று சந்தேகம். அதனால் பெட்டி நம் அருங்காட்சியக ஆய்வுக்கூடத்துக்கு, அதாவது என் மேசைக்கு, வந்து சேர்ந்தது.

அடுத்த திங்கள் காலை பத்து மணிக்கு நான் அறிக்கை கொடுக்க வேண்டும். அண்மையில் தோண்டியதுதான் என்றால் வழக்கு. நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். மறுநாளே கப்பல்.

பெட்டியின் முத்திரையை உடைத்திருப்பதால் ஒரு சுங்க அதிகாரி கூடவே உட்கார்ந்திருக்கிறார். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிற அம்மா. பின்னல் ஊசியும் கம்பளி நூலும் கொண்டுவந்து, தலையை நிமிர்த்தாமலே எல்லாவற்றையும் பார்க்கிறார்.

மூன்றாவது பானையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினேன். தோள்பட்டையில் நாணயம் அளவுக்கு ஓர் இடம் நிரப்பி, மேலே நிறம் கொடுத்திருந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியவில்லை. நுண்ணோக்கியில் வைத்தேன். புள்ளி புள்ளியாக நிறம். இடதுகைக்காரியின் புள்ளிகள், வலமிருந்து இடமாகச் சாய்ந்து, ஒவ்வொன்றும் கடைசியில் ஒரு சின்ன வாலோடு. தூரிகையை எடுக்கும்போது நீ மூச்சை விடுவாய், அதில் வருகிற வால். உன் கையெழுத்தைக்கூட நான் மறந்துவிடுவேன். இந்த வாலை மறக்க மாட்டேன்.

நான்காவதிலும் அதே வால். ஆறாவதிலும். ஏழு பானைகளில் எண்ணிய பிறகு நாற்காலியை விட்டு எழுந்துபோய்க் கை கழுவினேன். கை அழுக்காக இல்லை.

நம் கூடத்து வாசலில் நிற்கிற பெரிய தாழியை நினைவிருக்கிறதா? நான்கு மாதம் அதோடு குடித்தனம் நடத்தினாய். வாயருகில் விட்டுப்போன துண்டுக்கு நிறம் கொடுக்கச் சொல்லி அருங்காட்சியக இயக்குநரே வந்து கேட்டார். நானும் கேட்டேன், நமக்கு ஏன் வம்பு, பூசிவிட்டுப் போ என்றேன். நீ மாட்டேன் என்றாய். ஆறடி தள்ளி நின்றால் கண்ணை உறுத்தக் கூடாது, ஆறங்குலத்தில் வந்து பார்த்தால் இது பழையது, இது நான் வைத்தது என்று தெரிந்தாக வேண்டும், தெரியாவிட்டால் அதற்குப் பேர் வேலை இல்லை, ஏமாற்று என்றாய். அந்த ஒரு பேச்சுக்காக உன் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாமல் போனது. அதனால்தான் நீ அந்த முதலாளியின் பட்டறைக்கு, வேறு ஊருக்குப் போனாய்.

இப்போது ஆறங்குலம் என்ன, ஆறு மில்லிமீட்டரிலும் தெரியாதபடி பூசியிருக்கிறாய். எனக்காக விட்டுக்கொடுக்காததை அந்த ஆளுக்காக விட்டுக்கொடுத்திருக்கிறாய். இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. வேறு எதையாவது கொடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று எழுதப் பார்த்தேன். பரவாயில்லை இல்லை. அதையும் கொடுத்தாயா என்றுதான் இரண்டு நாளாக மண்டை குடைகிறது.

நீ எதை மூடியிருக்கிறாய் என்று உனக்குத் தெரியாதா? புதைகுழி தேடுகிறவர்கள் நீளமான இரும்புக் கம்பியை மண்ணில் குத்திக்கொண்டே போவார்கள். 'ணங்' என்று கேட்டால் அங்கே பானை. கம்பி இறங்கிய இடத்தில் வட்டமாக ஓட்டை விழும். அந்த ஓட்டையைத்தான் ஏழு பானையிலும் நீ அடைத்திருக்கிறாய். அடைக்காமல் இருந்திருந்தால் பார்த்தவுடனே திருட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஒரே ஒரு ஆறுதல். ஏழில் ஒன்றை எக்ஸ்ரே எடுத்தேன். நீ நிரப்பிய மாவு நடுவில் கட்டி தட்டியிருக்கிறது. பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் செய்கிற தப்பு. மாவைக் குழைக்கும்போது உன் கவனம் வேறெங்கோ இருந்திருக்கிறது. பார்த்ததும் எனக்கு அற்ப சந்தோஷம். மற்ற ஆறையும் எடுக்கவில்லை, அலுத்துவிட்டது.

கவனம் எங்கே இருந்தது என்றும் தெரியும். உன் தங்கை போன மாதம் உன்னைப் பார்க்க வந்தபோது பட்டறை வாசலில் நின்று எடுத்து அனுப்பிய படம் என் போனில் இருக்கிறது. பெரிய ஜன்னல். மேசையில் குனிந்து நீ. உன் தோளுக்குமேல் யாரோ ஒருவர் கை விளக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆள் படத்தில் இல்லை, கை மட்டும். மணிக்கட்டில் தடியான கடிகாரம், சட்டைக்கை பொத்தான் போட்டிருக்கிறது. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, கடைசியில் வெறும் சதுரங்கள் தெரிகிறவரைக்கும் பார்த்துவிட்டேன். நான் விளக்குப் பிடித்தால் இரண்டு நிமிஷத்தில் கை ஆடுகிறது என்று விரட்டிவிடுவாய். இந்தக் கை ஆடாது போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர்கள் அலுவலகப் போனிலிருந்து பேசுகிறாய். பேச்சில் பாதி உன் முதலாளி 'ஐயா' புராணம். ஐயா ஒரு மணி நேரம் பேசாமல் நின்று வேலையைப் பார்த்தாராம். ஐயா நல்ல நுண்ணோக்கி வாங்கிக் கொடுத்தாராம். சாப்பிட்டியா என்று நான் கேட்டால் சாப்பிட்டேன் என்கிறாய், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் நின்று பார்க்க எனக்கும் ஆசைதான். எனக்கு வேலை இருந்தது.

அறிக்கையில் 'பழுது பார்த்தவர்' என்று ஒரு வரி உண்டு. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கை யாருடையது என்று ஒரு வார்த்தை எழுது. சனிக்கிழமைக்குள் பதில் இல்லை என்றால் அந்த வரியில் உன் பேரை எழுதுவேன். அதற்கு என்ன தண்டனை என்று உனக்கும் தெரியும். எழுத மாட்டான் என்று நினைத்துவிடாதே.

உன் தங்கையிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். குளிர் அதிகம் என்றாய், கம்பளியைக் கழுத்துவரை போர்த்திக்கொள். அதுவும் ஐயா வாங்கிக் கொடுத்ததாக இருந்தால் போர்த்திக்கொள்ளாதே.

இப்படிக்கு,
இன்னும் உன் கணவனாக இருக்கிற
மீட்டர்

*

மார்ச் 15, வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணி பத்து நிமிடம். எக்ஸ்ரே எடுத்தவை ஏழு. கட்டிகள் ஏழு.

அன்புள்ள பசைக்கு,

இதை முதலில் படி. செவ்வாய்க்கிழமை எழுதியதை அப்புறம் வண்டியில் படிக்கலாம். படிக்காமலே இருந்தால் இன்னும் நல்லது. கிழித்துப் போடப் பார்த்தேன், உன் தங்கை விடவில்லை. அக்கா இதைப் படித்தே ஆக வேண்டும், அப்போதுதான் உங்களை ஆயுசுக்கும் வாய் திறக்கவிடாமல் வைத்திருக்க முடியும் என்கிறாள்.

நீ இப்போது கண் மருத்துவமனையில், டாக்டர் அறைக்குள் இருக்கிறாய். உன் பின்னால் வந்த ஆள் வெளியே நாற்காலியில் இருப்பான். இதை உன் கையில் கொடுத்த டாக்டர் உன் தங்கையின் தோழி. கேட்கிறவரை நேரம் கொடுப்பார். கண்ணில் சொட்டு மருந்து மட்டும் விட வேண்டாம் என்று சொல். விட்டால் எழுத்து தெரியாது, நான் எழுதியதெல்லாம் வீண்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். புதன்கிழமை அந்தக் கடிதத்தை உறையை ஒட்டாமல் உன் தங்கையிடம் கொடுத்தேன். என் எதிரிலேயே பிரித்துப் படித்தாள். அக்கா புருஷன் என்ற மரியாதைகூட இல்லாமல் என்னைப் பிடித்துக்கொண்டாள். மாமா, உங்க மூளையை எந்த மெஷின்லயாவது போட்டுப் பாத்தீங்களா, அதுலதான் கட்டி தட்டியிருக்கு என்றாள். அப்புறம் உட்கார்ந்து அழுதாள். அப்புறம்தான் சொன்னாள்.

அந்தக் கை காவல்காரன் கை. உன் பக்கத்தில் நின்று விளக்குப் பிடிப்பதும், நீ என்ன செய்கிறாய் என்று பார்ப்பதும், குளியலறைக்குப் போனால் கதவுவரைக்கும் வருவதும்தான் அவனுக்கு வேலை. பின்னால் சாட்சிக்கு இருக்கட்டும் என்றுதான் அந்தப் படத்தை எடுத்து எனக்கு அனுப்பச் சொன்னாயாம். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அந்த ஐயாவே அறையில் உட்கார்ந்திருப்பாராம், ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு. ஒரு மணி நேரம் நின்று பார்த்தார் என்று நீ சொன்னது புகழ்ச்சி இல்லை, புகார். படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். நீ சொன்னதை ஒரு தடவைகூடப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

அலமாரிச் சொத்து என்று நம்பித்தான் போனாயாம். முதல் பானை ஈரமண்ணோடு மேசைக்கு வந்த அன்றைக்கே தெரிந்துவிட்டதாம். ஓடிவந்துவிடு என்று தங்கை சொன்னதற்கு, நான் போனால் வேறு யாராவது அடைப்பார்கள், அடைத்தால் அதோடு முடிந்தது, இது கப்பலேற நம் ஊர்த் துறைமுகத்துக்குத்தான் போகும், அங்கே பிடித்தால் பார்க்கப்போவது ஒரே ஒரு மேசை, அவர் மேசை என்றாயாம். என்னிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்றாயாம். அவசரக்காரர், கத்திக்கொண்டு வாசலில் வந்து நிற்பார், இவர்கள் என்னை வேறு எங்காவது கொண்டுபோய்விடுவார்கள் என்று.

சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய். வந்து நின்றிருப்பேன். ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். என்னிடம் சொல்லாததைத் தங்கையிடம் சொல்லியிருக்கிறாய் என்பது எனக்கு இன்னும் எரிகிறது. இது போகாது. தெரிந்துகொள்.

வியாழக்கிழமை மற்ற ஆறு பானைகளையும் எக்ஸ்ரே எடுத்தேன். ஓட்டை பெரிதோ சின்னதோ, கட்டி ஒரே அளவு. ஓட்டையின் வலது ஓரத்தில், உள்பக்கம் தள்ளி, ஏழிலும் ஒரே இடம். கட்டி தட்டுகிற மாவு இப்படி வரிசையில் நிற்காது. வேண்டுமென்று வைத்தால்தான் நிற்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள். முதல் நாளே ஏழையும் எடுத்திருந்தால் ஒரு மணி நேரம்.

அதிகாரி அம்மாவின் எதிரில் ஒன்றை மட்டும் திறந்தேன். நீ அசிட்டோனில் கரைகிற பிசினைத்தான் போட்டிருந்தாய். நாளைக்கு ஒருத்தன் பிரிக்கணும்னா பிரியணும் என்பாயே, அதே பிசின். பஞ்சை வைத்துக் காத்திருந்தேன். ஆமாம், காத்திருந்தேன். நிறம் போனது, மாவு இளகியது, உள்ளே ஒரு சிட்டிகை மண். புதைகுழி மண். அதில் காய்ந்து சுருங்கக்கூட நேரமில்லாத வெளிறிய சின்ன வேர். ஓட்டையின் விளிம்பை நீ கழுவவே இல்லை, கம்பியின் துரு அப்படியே ஒட்டியிருக்கிறது. கூடவே பச்சை நிறத்தில் ஒரு நைலான் நார், மண் அள்ளிய சாக்கினுடையது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் எவனும் செத்தவன் தலைமாட்டில் நைலான் சாக்கு வைக்கவில்லை. மாமனார் அலமாரிக்குள் வேரும் முளைக்காது.

காவல்காரன் உன் தோளுக்குமேல் விளக்குப் பிடித்திருக்க, அவன் வெளிச்சத்திலேயே ஏழு தடவை இதைச் செய்திருக்கிறாய். இடதுகையின் நிழலில் வைத்திருப்பாய் என்று நினைக்கிறேன். வந்து சொல். ஆறங்குலத்தில் தெரிய வேண்டும் என்பதை நீ விட்டுக்கொடுக்கவே இல்லை. உள்ளே தள்ளி வைத்திருக்கிறாய், அவ்வளவுதான். இவ்வளவு நேரம் உன் வேலையை நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. அந்த ஆளைவிட அதிக நேரம் பார்த்துவிட்டேன், கணக்கில் நான்தான் முன்னால் இருக்கிறேன்.

அந்த வேரை இடுக்கியில் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்திருக்கிறேன் போல. அதிகாரி அம்மா பின்னுவதை நிறுத்திவிட்டு, தம்பி, பானையைப் பாக்குறீங்களா, பொண்டாட்டியைப் பாக்குறீங்களா என்று கேட்டார். மூன்றாவது பானையிலேயே தெரியும், கை கழுவப் போனீங்களே, அப்பவே தெரியும் என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டினார். பிறகு யோசனை சொன்னார்.

நிலைமை இதுதான். திங்கள் பத்து மணிக்கு அறிக்கை போனால், அன்றைக்கே ஒரு நகல் உன் முதலாளியின் வக்கீலுக்குப் போகும். மண்ணை வைத்தது யார் என்று முதலாளிக்கு ஒரு நிமிஷத்தில் தெரியும். அப்போது நீ அந்தப் பட்டறையில் இருக்கக் கூடாது. அறிக்கையைத் தள்ளிப்போட்டால் பெட்டி போய்விடும், நீ ஏழு மாதம் அங்கே இருந்ததற்கு அர்த்தமில்லை. பட்டறை இருக்கிற ஊர்ப் போலீசார் அறிக்கை கைக்கு வந்தால்தான் கதவைத் தட்டுவார்களாம். ஆகவே இன்றைக்கே, இந்த மருத்துவமனையிலிருந்தே, நீ வந்துவிட வேண்டும்.

உனக்குக் கண் மங்குகிறது என்று உன் தங்கை ஐயாவிடம் சொன்னவுடனே அனுப்பச் சம்மதித்துவிட்டாராம். செலவையும் தானே பார்த்துக்கொள்கிறாராம். உன் கண்ணில் அவருக்கு என்னைவிட அக்கறை. இந்த ஒரு தடவை அவர் பணத்தை வாங்கிக்கொள்.

உன்னையும் விசாரிப்பார்கள். அதை மறைக்க மாட்டேன். ஏழு ஓட்டையை அடைத்தது நீதான், அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். மண்ணை வைத்ததும் நீதான் என்று நானும் அதிகாரி அம்மாவும் சொல்வோம். போதுமா போதாதா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று எழுத மாட்டேன்.

துணி, பெட்டி, நுண்ணோக்கி எதையும் யோசிக்காதே. உன் தூரிகைகளை மட்டும் மேல்சட்டைப் பையில் வைத்திருப்பாய், அந்தப் பழக்கம் எனக்குத் தெரியும். அது போதும்.

நீ பத்திரமாக வந்து சேர வேண்டும். அதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை.

இப்படிக்கு,
மீட்டர்

இனி நான் செய்யப்போவது:

1. இதை நீ படிக்கிற நேரத்தில் டாக்டர் அறையின் பின்கதவுக்கு நேரே, சந்தில், அதிகாரி அம்மாவின் நீலக் காரில் இருப்பேன். ஓட்டுவது அவர். நான் ஓட்டினால் அவசரத்தில் இடித்துவிடுவேன் என்கிறார்.

2. கத்த மாட்டேன். காவல்காரன் வெளியே வந்தாலும், அந்தக் கடிகாரத்தைப் பார்த்தாலும், காரைவிட்டு இறங்க மாட்டேன்.

3. திங்கள் காலை ஆய்வுக்கூடத் தலைவரிடம், இது என் மனைவியின் கை, இந்த அறிக்கையில் நான் கையெழுத்துப் போட முடியாது, நான் திறந்த ஒரு பானைக்கு மட்டும் சாட்சி சொல்வேன் என்று சொல்லிவிடுவேன். மற்ற ஆறையும் வேறு ஒருவர் திறக்கட்டும். நான் தொட மாட்டேன், தொட ஆசையாக இருந்தாலும்.

4. 'பழுது பார்த்தவர்' என்ற வரியை வெறுமையாக விடச் சொல்வேன். அதை நீயே, உன் கையால் எழுது.

5. அந்த ஆறையும் திறக்கும்போது நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்பேன். அனுமதித்தால், விளக்கை நான் பிடிக்கிறேன். கை ஆடும். விரட்டாதே.

6. பின்கதவைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். வந்துவிடு.